பலகையில் அம்மா

முடிச்சூர்,
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவி எழுதுகிறேன். இங்கே நான், அவர், பிள்ளைகள், அப்பா எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா? மாமாவையும் உன் பிள்ளை ஜோயலையும் நான் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். என் போன் பாதி நேரம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. மீதி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீ ஆல்வின் மாமாவைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை எடுப்பதில்லை. அது இன்னும் மாறவில்லை. உன்னோடு பேச மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவதுபோல நடிக்க வேண்டியிருக்கிறது. நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ அழுகிறாய், இல்லாவிட்டால் நான் அழுகிறேன். அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் பனியன் கம்பெனியில் வெட்டிப் போடுகிற துண்டுத் துணி எனக்கு வேண்டும். சிரிக்காதே, நான் கொஞ்ச காலமாகப் படம் செய்கிறேன். அவர் பெயின்ட் கடையில் மீந்த பிளைவுட்டில் வெள்ளை பிரைமர் அடித்து, பெவிகாலைத் தண்ணீரில் கலந்து துணித் துண்டுகளை ஒட்டி, அதன்மேல் பெயின்ட், சுவருக்குப் பூசுகிற பட்டி, நூல், பட்டன் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைக்கிறேன். யூடியூபில் இதை மிக்ஸட் மீடியா என்கிறார்கள். அவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் கடையைக் காலி பண்ணும் கலை. மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மாள், ஏரி, ரயில்வே கேட் என்று சில பலகைகள் தேறியிருக்கின்றன.

போன வாரம் அப்பா பின்னால் வந்து நின்றார். என் பலகைகளை அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. நெடுநேரம் நின்றுவிட்டு, "உங்கம்மாவ ஒண்ணு பண்ணேன்" என்றார். போட்டோ இல்லாமல் எப்படிப்பா என்று கேட்டேன். "அதுக்குத்தாம்மா சொல்றேன். முன்னெல்லாம் கண்ண மூடினா வருவா. இப்ப மூஞ்சி வர மாட்டேங்குது" என்றார்.

அக்கா, அம்மா இறந்த வருஷமே வெள்ளம் வந்து ஆல்பம், சுவரில் மாட்டியிருந்த படம், பீரோவில் இருந்த போட்டோ ஒட்டிய அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோனது உனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அம்மா குனிந்து பந்தி பரிமாறுகிறாள். இன்னொன்றில் யார் முதுகுக்குப் பின்னாலோ பாதி நெற்றியாக நிற்கிறாள். அப்பாவுக்கு மறந்துகொண்டு வருகிறது. எனக்குக் கண்ணில் நிற்பது கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்த அம்மாதான். நன்றாக இருந்த அம்மா உன்னிடம் இருக்கிறாள். துணியோடு அவளையும் கொஞ்சம் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தேவதர்ஷினி


திருப்பூர்,
22.6.2025

அன்புத் தங்கை தேவிக்கு,

அக்கா அங்காளம்மாள் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். செக்கிங் மேஜையில் நிற்கும்போது முதுகு வலிப்பதில்லை, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால்தான் வலிக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள் என்கிறார் உன் மாமா. அவருக்கு இப்படி ஒரு வாய்.

ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர், தங்கச்சிக்கு மெத்தை தைக்கவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மிக்ஸட் மீடியா என்று சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். கறுப்பு, பழுப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் இருக்கிறது.

அம்மாவுக்கு நெற்றி சின்னது. வகிடு நேராக வராது, கண்ணாடி பார்க்காமல் தலை வாருவதால் இடது பக்கம் கோணிக்கொண்டு போகும். மூக்கின் நுனி கொஞ்சம் சப்பை. கீழ்ப்பல் ஒன்று உள்ளே தள்ளியிருக்கும், அதை மறைக்க வாயை மூடிக்கொண்டே சிரிப்பாள். அப்போது கன்னம் மட்டும் மேலே ஏறும். நிறம் என் நிறம்தான், உன் நிறம் இல்லை. படம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அவளை வெளுத்துவிடாதே.

அப்பா உடம்பு எப்படி என்று நான் கேட்டதாகச் சொல்லாதே. ஆனால் எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுது.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அக்கா


முடிச்சூர்,
20.7.2025

என் அக்காவுக்கு,

மூட்டை வந்தது, அதைவிடப் பத்திரமாகக் கடிதமும் வந்தது. நாங்கள் சுகம். நீ கேட்காத அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. ஜோயலுக்குக் காய்ச்சல் என்று மாமா ஸ்டேட்டஸில் பார்த்தேன். விட்டதா?

உங்கள் கம்பெனியில் செக்கிங் நீ. இந்த வீட்டில் செக்கிங் அப்பா. காலையில் டீ குடித்த கையோடு வந்து பலகைக்கு முன்னால் நின்றுவிடுகிறார். முதல் மூக்கைப் பார்த்து, இது உங்க சித்தி மூக்கு என்று தள்ளிவிட்டார். பிய்த்து எடுத்தேன். இரண்டாவது மூக்கைப் பட்டியில் செய்தேன், காய்ந்ததும் வெடித்துவிட்டது. மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாய் டீ குடித்தார். தேறிவிட்டது என்று அர்த்தம்.

நிறத்துக்கு வெள்ளை பனியன் துணியை டீ டிகாஷனில் ஊறவைத்தேன். போதவில்லை. அதைப் பார்த்து அப்பா, "இவ்ளோ செவப்பா இருந்தா என்னை எதுக்குக் கட்டிகினு இருக்கப் போறா" என்றார். நானும் அவரும் சேர்ந்து சிரித்தது எத்தனையோ காலத்துக்குப் பிறகு. நீ அனுப்பின பழுப்புத் துணியைக் கலந்து ஒட்டி, மேலே ஒரு கை பெயின்ட் கொடுத்ததும் சரியாக வந்துவிட்டது. கறுப்புப் பனியன் துணியை இழுத்து விட்டால் தானே சுருண்டுகொள்கிறது, அதைத் தலைமுடிக்கு வைத்தேன். வகிட்டைக் கோணலாக விட்டேன். அதைப் பார்த்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கோபமோ என்று பயந்தேன். வாசலில் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

முகம் வந்துவிட்டது. இனி உடம்பு. அம்மா ஓய்வாக எப்படி உட்காருவாள்? எனக்கு அவள் உட்கார்ந்ததே நினைவில் இல்லை. அப்புறம் சேலைதான் பெரிய பிரச்சினை. உன் பனியன் துணியில் முந்தானை மடித்தால் அம்மா டீ சர்ட் போட்டதுபோல இருக்கிறது. அவள் கட்டினதெல்லாம் பூனம் சேலை. நம் வீட்டில் இருந்ததெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று. எங்கேயாவது பழைய பூனம் கிடைத்தால் ஒரு முழம் அனுப்பு, எந்த நிறமானாலும் சரி.

எல்லோருக்கும் என் அன்பு.

தேவி


திருப்பூர்,
3.8.2025

தேவிக்கு,

இன்று ஆடிப்பெருக்கு, கம்பெனி லீவு. ஜோயல் காய்ச்சல் விட்டுப் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவர் தூங்குகிறார். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இத்துடன் ஊதா நிறத்தில் பூனம் துண்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள், கேட்டு வாங்கினேன். அம்மா இந்த மாதிரி நிறம் கட்டுவாள் இல்லையா.

உட்காருவதைக் கேட்டாய். சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு காலையும் நேராக நீட்டிக்கொள்வாள். இடது கை முழங்கையில் மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும். வலது கை தொடைமேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும். தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, பார்வை கீழே இருக்கும். வாயை மூடிக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. இதை அப்படியே செய். மாற்றாதே.

அப்பாவைச் சர்க்கரை போடாமல் டீ குடிக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அக்கா


முடிச்சூர்,
17.8.2025

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

இது பக்கத்து வீட்டுச் சேலை இல்லை.

காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பூனம் சேலை எடுத்தேன். நீ போய் இரண்டு வருஷம் கழித்து. ஊதாவில் வெள்ளைக் கொடி. ஓரம் தைத்துப் பிகோ அடிக்கக் கொடுத்த இடத்தில் ஊதா நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலில் அடித்துவிட்டார்கள். நான் சண்டைக்குப் போனேன். அம்மாதான், விடுடி, யார் முந்தானையைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். நீ அனுப்பின துண்டின் ஓரத்தில் அந்தப் பச்சை நூல் இருக்கிறது.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனாள். திரும்பி வரும்போது வேறு சேலையில் வந்தாள். அம்மனுக்குச் சாத்திட்டேன் என்றாள். முதல் சம்பளத்துச் சேலையை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டாளே என்று நான் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அவள் சோற்றை மட்டும் கூட ஒரு கரண்டி வைப்பாள். அப்புறம் கொஞ்ச நாளில் படுத்துவிட்டாள்.

அம்மனுக்குச் சாத்தின சேலை திருப்பூருக்கு எப்படி வந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துண்டைத் தரையில் விரித்து வைத்திருந்தேன். அப்பா குனிந்து எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அது நாலாக மடித்துப் பலகைமேல் இருந்தது.

பதில் எழுது.

தேவி


முடிச்சூர்,
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் மாமா எடுத்து, அவள் குளிக்கிறாள், அவள் தூங்குகிறாள் என்கிறார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, பாவம். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் கேட்டதை விட்டுவிடு. பதில் வேண்டாம். உன்னை மடக்கத்தான் நான் அப்படி எழுதினேன் என்று நினைத்துவிட்டாயோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. அம்மா முகத்தைச் சேர்ந்து செய்யப்போய் நீயும் பேசாமல் போய்விட்டால் எனக்குப் பலகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நீ சொன்ன மாதிரியே உட்கார வைத்திருக்கிறேன். இடது கை மடங்கி, வலது கை தொடையில். கால் விரலுக்கு மெட்டி வைக்கப் பழைய ஹூக்கை வளைத்தேன். சேலையை மட்டும் இன்னும் வெட்டவில்லை. கத்திரி வைக்கக் கை வரவில்லை.

வெறும் துணியாவது அனுப்பு. உன் கை பட்ட மூட்டை வந்தால் போதும்.

தேவி


திருப்பூர்,
5.10.2025

என் தேவிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுதான் சரியில்லாமல் இருந்தது. அப்பா, பிள்ளைகள், உன் வீட்டுக்காரர் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

உன்னிடம் மறைத்தது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சேலையைப் பற்றி நீ எழுதினதைப் படித்த பிறகு இனியும் மறைத்தால் அதுதான் தப்பு.

அம்மா மலையனூர் போகவில்லை. இங்கே வந்தாள். ஜோயலுக்கு எட்டு மாதம் இருக்கும். விடிந்தும் விடியாமல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அம்மா நிற்கிறாள், ஒரு கையில் விலாசம் எழுதின சீட்டு, ஒரு கையில் பை நிறைய முறுக்கு. நேராக உள்ளே வந்து தொட்டிலைப் பார்த்தாள். மாமாவின் அம்மா வாங்கிக் கொடுத்த மரத்தொட்டில். தாய்வீட்டுச் சேலையில் தூளி கட்டாத பிள்ளைக்கு என்ன தூக்கம் வரும் என்றாள். கட்டியிருந்த ஊதாச் சேலையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டு, என் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். காய்ந்ததும் தூளி கட்டி அதில் அவனைப் போட்டாள். "இது தேவி மொத சம்பளத்துல எடுத்தது. சித்தி சம்பாத்தியத்துல தூங்கட்டும்" என்றாள்.

உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை தேவி. உன் பேரைச் சொல்லித்தான் கொடுத்தாள். இதை உனக்குச் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்ததுதான் எனக்கு இப்போது வலிக்கிறது.

ஒரு பகல் இருந்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி அவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். பால் கொடுக்கக்கூட என்னிடம் தரவில்லை, சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது. நான் உனக்கு எழுதின அந்தக் கை, அந்தத் தலை, எல்லாம் அன்றைக்குப் பார்த்தது. என்னிடம் இருக்கிற அம்மா அவள்தான். வேறு அம்மாவை அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து அவன் தலையில் வைத்தாள். "உங்கப்பாகிட்ட நான் பொய் சொன்னதில்ல. இது ஒண்ணுதான். அவருக்குத் தெரியவே கூடாது" என்றாள். பிள்ளை தலையில் அடித்த சத்தியம். அவள் காரியத்துக்குக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே. எனக்கு அந்த வீட்டுக்கு வர வேண்டும், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று இல்லாமல் இல்லை. தினமும் இருக்கிறது. ஆனால் அதற்காக அம்மா அவர் கண்ணில் பொய்க்காரி ஆகக் கூடாது. முகம் மறந்துபோனாலும் போகட்டும். அவளை நினைக்கும்போது அவர் மனதில் கசப்பு வந்துவிட்டால் அதை எந்தத் துணியை வைத்து ஒட்டுவாய்?

அக்கா


முடிச்சூர்,
26.10.2025

அக்கா,

நீ தீபாவளிக்குச் சட்டை அனுப்பினாயே, பிள்ளைகளுக்கு அளவு சரியாக இருந்தது. எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைக் கடையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். சித்தி சம்பாத்தியத்தில் தூங்கட்டும் என்றாளா? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாளா? அவர் வந்து, என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள் என்று பதறிப்போனார். தின்னர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

சொல்ல மாட்டேன். ஜோயல் தலையில் அடித்த சத்தியம் எனக்கும்தான். மடியில் சேலை மடிப்பைக் கொஞ்சம் கனமாக வைத்துக் கையைச் சுற்றி மறைத்துவிடுகிறேன். பார்க்கிறவர்களுக்கு ஓய்வாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

நேற்று சேலைக்குக் கத்திரி வைத்தேன். பச்சை நூல் ஓரத்தை உள்ளே மடிக்காமல் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன்.

உன் தேவி


முடிச்சூர்,
16.11.2025

அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

நான் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்றுப் பலகை முடிந்தது. கூடத்தில் சுவரில் சாய்த்து வைத்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுக்கவே இல்லை. கடைசியில், உங்கம்மாதான் என்றார். எனக்கு அது போதும் என்றிருந்தது. அப்புறம் எழுந்து கிட்டே போய், நான் அத்தனை பாடுபட்டு மறைத்து வைத்த மடியைக் கையால் தடவினார்.

"கை புள்ளய வெச்சிகினு கீது. புள்ள எங்க?" என்றார்.

எந்தப் பிள்ளைப்பா என்று கேட்டேன்.

"மலையனூருக்குப் போய்ப் பாத்துட்டு வந்தாளே, அந்தப் புள்ள" என்றார்.

அக்கா, அவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும். அமாவாசை என்று சொல்லிக்கொண்டு அம்மா கிளம்பியபோது வெளியே நிலா பால் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்ததாம். பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள்தான் பாக்கியாம். வயல் பார்த்த மனுஷனிடம் போய் இப்படி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் நம் அம்மா. பொய் சொல்லிப் பழக்கம் இருந்தால்தானே வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தோன்றும். இரண்டு பேரும் அந்த நிலாவின் கீழே நின்றுகொண்டு, அமாவாசைக்குப் போய்ட்டு வரேன் என்று இவள் சொல்ல, சரி போய்ட்டு வா என்று அவர் சொல்லியிருக்கிறார். வண்டியில் உட்கார வைத்துப் பெருங்களத்தூரில் கொண்டுபோய் பஸ் ஏற்றியதும் அவர்தான். கோயிலுக்கு எதற்கு ஒரு பை முறுக்கு என்று கேட்கவில்லையாம். கேட்டால் போக மாட்டாள், கேட்காவிட்டால் போய்விட்டு வருவாள் என்றார்.

திரும்பி வந்த பிறகாவது தெரியும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தெரியும்னு சொல்லிட்டா, அப்பறம் எந்த அமாவாசைக்குப் போவா?" என்றார்.

நான் அழுது முடித்து, போனில் இருந்த ஜோயல் படத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். கையால் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் புரியவில்லை. அதை உனக்கு எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இனிமேல் நமக்குள் எதையும் விட்டுவிட்டு எழுதுவதில்லை.

தேவி


திருப்பூர்,
23.11.2025

தேவிக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து கம்பெனியில் கிழிந்த பீஸை எல்லாம் நல்ல பீஸ் என்று தள்ளிவிட்டுச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவர் அம்மாவை வெறுக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான், அது கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் அந்த நிலாவில் நின்றதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன், உடனே அழுகிறேன். மாமா டாக்டரிடம் போகலாமா என்கிறார்.

மற்றதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னை வரச் சொல்லியிருந்தால் நீ முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். பிள்ளையின் படத்தையும் தள்ளிவிட்டார் என்கிறாய். அம்மா போய்ப் பார்த்தது அவருக்குச் சம்மதம், நான் வருவது சம்மதம் இல்லை. அப்படித்தானே? பரவாயில்லை தேவி. அவரை வற்புறுத்தாதே. வயதானவர்.

மழை அதிகம் என்று செய்தியில் சொல்கிறார்கள். சாமான்களை மாடியில் ஏற்றி வை, முதலில் பலகையை.

அக்கா


முடிச்சூர்,
கார்த்திகை 15

சௌபாக்கியவதி அங்காளம்மாளுக்கு உன் அப்பா துரைராஜ் ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கு மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆற்றில் தண்ணீர் அளவாகத்தான் போகிறது, பயப்பட வேண்டாம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் நலமா? பேரன் நன்றாகப் படிக்கிறானா?

உன் அம்மாவைத் தேவி பலகையில் செய்து முடித்தாள். குறை சொல்ல இடமில்லை. மடி காலியாக இருந்ததால் பிள்ளையையும் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நீ அனுப்பின மஞ்சள் துணியில் சட்டை, கை, கால் எல்லாம் வந்துவிட்டது. முகத்தைச் செய்யப் போனாள். வேண்டாம் என்று நான் நிறுத்திவிட்டேன். மூக்கு சரி, கண் சரி என்று இதுவரை நான்தான் பார்த்துச் சொன்னேன். பார்க்காத முகத்தை எப்படிச் சரி என்று சொல்வது? தேவி போனில் காட்டுகிறாள். கட்டை விரல் அளவு இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஆகையால் அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் மூன்று பேரும் புறப்பட்டு வாருங்கள். பஸ் எல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கேயே இறங்கி நில்லுங்கள், தேவி வீட்டுக்காரர் மோகன்ராஜ் வண்டி எடுத்துக்கொண்டு வருவார், நானும் வருவேன். மாப்பிள்ளை வீட்டுப் பண்டிகை அந்தச் சமயத்தில் வருகிறது என்று தேவி சொன்னாள். அதனால் ஒன்றும் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் சர்ச் எங்கே இருக்கிறது, பூசை எத்தனை மணிக்கு என்று போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். நடக்கிற தூரம்தான்.

வளர்ந்த பையனைப் பார்த்துக் கைக்குழந்தை முகத்தை எப்படிச் செய்வது என்று தேவி கேட்கிறாள். அதை நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பலகையை இன்னும் சுவரில் மாட்டவில்லை. முகமில்லாத பிள்ளையைத் தட்டிக்கொண்டு உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தாமதம் செய்யாமல் வந்து சேரவும்.

இப்படிக்கு,
அப்பா